மீனைத் தூக்கு, சட்டியை இறக்கு

1

ஊரிலிருந்து யார் தொலைபேசி எடுத்தாலும் முதற்கேள்வி ஒன்றுதான்: "அங்க ஹலால் சாப்பாடு கிடைக்குமா?" கிடைக்கும். தேடினால் கிடைக்கும், தேட அலுப்பாக இருந்தால் வீட்டில் ஆக்கிக்கொள்ளலாம். இரண்டாவது கேள்வி, "அந்தப் பாஷை பழகிட்டீங்களா?" இதற்கு நான் இரண்டு வருடமாக "கொஞ்சம் கொஞ்சம்" என்று சொல்லி வந்தேன். அது பொய். பழகியது என் மகள். நான் பழகியதெல்லாம் அவளை முன்னால் விட்டு, பின்னால் நின்று தலையாட்டுவது மட்டும்தான்.

நாங்கள் இருப்பது வியட்நாமில், ஹோ சி மின் நகரத்தில். இங்குள்ளவர்கள் இன்னும் சைகோன் என்றே சொல்கிறார்கள். என் கணவர் ஆடைத் தொழிற்சாலையொன்றில் தையல் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறார். இலங்கையில் பெற்றோலுக்கும் காஸுக்கும் நாமெல்லாம் வரிசையில் நின்ற காலத்தில் அவர் வேலை பார்த்த இடத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். இங்கே ஒரு வேலை அகப்பட்டது. பிறகு நானும் மகள் ஹனாவும் வந்து சேர்ந்தோம். அவளுக்கு அப்போது ஒன்பது வயது, இப்போது பதினொன்று. கல்முனையில் நான் தமிழ் ஆசிரியை. ஏறக்குறைய இருபது வருடம் பிள்ளைகளின் லகர ளகர ழகரங்களைத் திருத்தியவள். சம்பளமற்ற விடுமுறையில்தான் இங்கே இருக்கிறேன்.

அந்த விடுமுறை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீடிப்பதா, திரும்பி வந்து கடமையேற்பதா என்று எழுதி அனுப்ப வேண்டும். படிவம் மூன்று பிரதிகள். தூதரகத்தின் உறுதிப்படுத்தலும் வேண்டும். தூதரகம் ஹனோயில், நாங்கள் நாட்டின் மறுநுனியில். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன அலைச்சல். இம்முறை என்னைத் தாமதிக்க வைத்தது அதுவல்ல. 'கடமைக்குத் திரும்புகிறேன்' என்ற கூட்டில் நான் இரண்டு மாதத்துக்கு முன்பே சரி போட்டுவிட்டேன். ஹனாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிடுவது என்று முடிவு. கையெழுத்து மட்டும் வைக்கவில்லை. ஏன் சரி போட்டேன், பிறகு என்ன நடந்தது என்பதை எழுதினால் எனக்கே தெளியும் போலிருக்கிறது.

2

சைகோன் மழை நம் மார்கழி மழைபோல நாட்கணக்கில் பெய்யாது. பின்னேரம் வானம் கறுக்கும், ஒரு மணித்தியாலம் கொட்டும், போய்விடும். அன்று போகவில்லை. ஆற்றில் கடல்நீர் ஏறுகிற நாளும் அதுவாக இருந்ததால், தெருவில் விழுந்த தண்ணீருக்கு இறங்க இடமில்லை.

பாடசாலை வேன் நாலரைக்கு எங்கள் ஒழுங்கை வாசலுக்கு வரும். ஐந்து மணிக்கு ஒரு செய்தி வந்தது. கைபேசியைக் கொண்டே அதை மொழிபெயர்த்துப் பார்த்தேன்: தெருவெல்லாம் தண்ணீர், வேன் உள்ளே வராது, பிள்ளைகளைப் பெரிய ரோட்டில் இறக்கிவிட்டோம். நான் ஓடிப்போனேன். வேனும் இல்லை, ஹனாவும் இல்லை.

இங்கே ஒழுங்கைக்குள் ஒரு ஒழுங்கை, அதற்குள் இன்னொன்று. வெயில் நாளிலேயே எனக்குத் தடுமாறும். தண்ணீர் நிறைந்தபோது எல்லாமே ஒன்றுபோல இருந்தன. முழங்கால் தண்ணீரில் நின்றேன். மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் நின்று என்னிடம் ஏதோ கேட்டார்கள். உதவி செய்யத்தான் கேட்கிறார்கள் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. என் பிள்ளையைக் காணவில்லை என்று சொல்ல என்னிடம் சொல் இருக்கவில்லை. இரண்டு வருடம் இருந்த ஊர். பிள்ளை என்ற ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. கைபேசியில் அவள் படத்தைக் காட்டினேன். தண்ணீர் ஏறி அது அணைந்துபோனது. பிறகு தமிழில் கத்தினேன். "என்ட புள்ள! என்ட புள்ளயக் கண்டீங்களா!" ஒரு பெரியவர் என்னைப் படியில் ஏற்றி இருத்தி, முதுகில் தட்டினார். என்ன செய்வார் அவர்?

சுனாமி வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. எங்கள் வீடு கல்முனைக் கரையில். இதை வாசிக்கும் உங்களுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. இன்றைக்கும் தண்ணீர் காலில் ஏறினால் எனக்கு மூச்சு முட்டுகிறது. ஆனால் சுனாமியன்று எனக்கு வாய் இருந்தது. கத்தியது எல்லோருக்கும் விளங்கியது. சைகோனில் அந்தப் படியில் இரண்டு மணித்தியாலம் இருந்தேன்; கத்தியது ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஏழு மணிக்கு ஹனா வந்தாள். எதிர்வீட்டுக் கோ ஹாய் தன் மோட்டார் சைக்கிளில் அவளைப் பின்னால் இருத்தி, தண்ணீர் வற்றிய பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். 'கோ' என்றால் மாமி மாதிரி. 'ஹாய்' என்றால் இரண்டு. இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு மூத்தவரை 'இரண்டு' என்று கூப்பிடுகிறார்கள். 'ஒன்று' என்று யாரும் இல்லை. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கோ ஹாய்க்கு அறுபது தாண்டியிருக்கும். தனியாள். சந்தையில் மீன் வெட்டி விற்பவர். வழி தவறிய ஹனா சந்தைக் கூரையைக் கண்டு அங்கே ஓடியிருக்கிறாள். மின்கம்பங்களுக்குக் கீழே தண்ணீர் நிற்கும்போது பிள்ளையைக் கூட்டிப்போகக் கூடாது என்று, கோ ஹாய் அவளை மீன்மேசைமேல் ஏற்றி வைத்திருந்திருக்கிறார். எங்கள் இலக்கம் அவரிடம் இல்லை.

நான் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். கோ ஹாய்க்கு நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

3

அடுத்த நாள் பகல் ஹனா காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தாள். கோ ஹாய் வாசலில் வந்து நின்றார். கையில் துணி சுற்றிய சிறிய மண்சட்டி. அதை நீட்டி மூன்று அசைகளில் ஒரு பெயர் சொன்னார். நான் வாங்கிக்கொண்டு வழக்கம்போலத் தலையாட்டினேன்.

உள்ளே வந்து மூடியைத் திறந்தால், கறுத்துப் பளபளக்கும் குழம்பில் விரால் துண்டுகள். மிளகு வாசனை, சீனி கருகிய வாசனை. மீன்தானே என்று நினைப்பீர்கள். ஆனால் தொழிற்சாலையில் வேலை செய்யும் இன்னொரு இலங்கையரின் மனைவி எனக்கு எப்போதோ சொல்லியிருந்தார்: இவர்கள் மீனாக்கும்போதும் பன்றிக் கொழுப்பை உருக்கி ஊற்றுவார்கள், கவனம். குழம்பின்மேல் எண்ணெய் மிதந்தது. கேட்க எனக்குப் பாஷை இல்லை. கைபேசி, ஈரம் காய்வதற்காக அரிசி டின்னுக்குள் கிடந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையை எழுப்ப மனம் வரவில்லை.

பின்னேரம் அதைப் பையில் கொட்டி, இறுக்கிக் கட்டி, ஒழுங்கைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பிறகு பூச்சாடியில் இருந்து மண் எடுத்து, பன்றி பட்ட பாத்திரத்துக்கு நாம் ஓதிப் பழகிய முறைப்படி ஒரு தடவை மண்போட்டு, மொத்தம் ஏழு தடவை அந்தச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். சரியான காரியம் செய்துவிட்ட திருப்தியும் இருந்தது.

விடிந்து ஜன்னலைத் திறந்தேன். பூனைகள் பையைக் கிழித்து, தொட்டியிலிருந்து கோ ஹாயின் வாசல்வரை மீனை இழுத்துப் பரத்தியிருந்தன. கோ ஹாய் விளக்குமாற்றோடு நின்றார். குனிந்து பார்த்தார். தன் கையால் வெட்டிய துண்டு அவருக்குத் தெரியாதா? எங்கள் ஜன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கூட்டத் தொடங்கினார்.

ஹனா என் பின்னால் வந்து நின்றாள்.

"என்ன உம்மா அது?"

நான் ஜன்னலைச் சாத்தப் போவதற்குள் அவளே கண்டுகொண்டாள்.

"அது எனக்கு ஆக்கின மீன். நான் கேட்டு ஆக்கின."

"அதுக்குள்ள என்ன போட்டிரிக்கி எண்டு எனக்குத் தெரியா மகள்."

"என்னய எழுப்பிக் கேட்டிரிக்கலாமே. நாங்க பண்டி திங்கிறல்ல எண்டு நான் சொன்னன். மேசைக்கு மேல இரிக்கக்குள்ள சொன்னன். அவங்க ஓம் எண்டாங்க."

"சட்டி? எத்தன வருஷமா என்னென்ன ஆக்கின சட்டியோ?"

ஹனா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "அப்ப கழுவுங்க. இன்னும் ஏழு தரம் கழுவுங்க."

சுனாமியன்று நாங்கள் வயல் பக்கமாக ஓடி, மாவடிப்பள்ளியில் ஒரு வீட்டு முற்றத்தில் விழுந்து கிடந்தோம். யாரோ ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தார்கள். யாருடைய வீடு, யார் ஆக்கியது, ஒன்றும் கேட்கவில்லை. நாலு பேர் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அது நம் ஊர், இது வேறு. கேட்டுத் தெரியாமல் சாப்பிடாதது பிழையில்லை. இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் கேட்காமலே எறிந்தேனே, அந்தத் தட்டு வைத்த கை என் நினைவில் வந்து நின்றது.

4

அதன்பிறகு கோ ஹாய் எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஹனாவும் ஏறக்குறைய அப்படித்தான். கேட்டால் பதில், கேட்காவிட்டால் இல்லை. கொஞ்ச நாளில் பதிலும் வியட்நாமியில் வரத் தொடங்கியது. என்னிடம் கோபம் வந்தால் மட்டும் தமிழ்.

குற்றம் என்மேலும் இருந்தது. நான் அவளை வெளியே விடவில்லை. வேன்வரை கையைப் பிடித்துக்கொண்டு போனேன். சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போக விடவில்லை. மூலைக்கடையில் பென்சில் வாங்கக்கூட நான் கூடப் போனேன். மேகம் கறுத்தால் பாடசாலைப் படலையில் போய் நின்றேன். காவலாளி எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையே ஒதுக்கி வைத்திருந்தார்.

"பதினொரு வயசுப் புள்ளய இப்பிடிக் கட்டி வெச்சிரிக்க ஏலுமா?" என்றார் கணவர்.

"ஏலும்," என்றேன்.

ஊரிலிருந்து என் ராத்தா, என் மூத்த சகோதரி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடுப்பா. "வந்துரு புள்ள. இஞ்ச பள்ளிக்கூடம் இரிக்கி, நாங்க இரிக்கம். கூப்பிட்டா கேக்கிற தூரத்தில ஆக்கள் இரிக்காங்க. புள்ளயத் தொலச்சிப்போட்டு அங்க என்ன சீவியம்?" அப்படியொரு வெள்ளிக்கிழமைதான் நான் படிவத்தில் சரி போட்டேன்.

ஹனாவிடம் சொன்னபோது, "கையெழுத்து வெச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஆனாலும் போவதற்கு முன் கோ ஹாயிடம் மன்னிப்புக் கேட்காமல் போக முடியாது. புதுக் கைபேசியில் ஒரு பந்தி எழுதி, அதையே வியட்நாமியில் பேசவைத்து, அவர் வாசலில் நீட்டினேன். கைபேசிக்குள் இருந்த பெண் வடக்கத்திக் குரலில், வங்கியில் வரிசை இலக்கம் கூப்பிடுவதுபோல வாசித்தாள். கோ ஹாய் முழுவதும் கேட்டார். வங்கியில் நாம் எப்படித் தலையாட்டுவோமோ அப்படித் தலையாட்டினார். கேற்றைச் சாத்தினார்.

"நீ கொஞ்சம் வந்து சொல்லேன்," என்று ஹனாவிடம் கெஞ்சினேன்.

"நீங்கதானே எறிஞ்ச. நீங்க சொல்லுங்க."

"எனக்கு ஏலா மகள்."

"அந்த மீன்ட பேரச் சொல்ல ஏலுமா உங்களுக்கு? எறிஞ்ச சாமான்ட பேர்?"

ஏலாது. அது என்ன பெயர் என்றே எனக்குத் தெரியாது.

5

படித்தவர்கள் செய்வதை நானும் செய்தேன். ஒரு கொப்பி வாங்கினேன்.

அந்த உணவுக்குப் பெயர் மூன்று சிறிய சொற்கள். 'கா' என்றால் மீன். 'ஹோ' என்றால் வற்ற வற்றக் காய்ச்சுவது. 'தோ' என்றால் மண்சட்டி. ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள், ஆனால் எழுத்தின் மேலும் கீழும் அடையாளங்கள். முதற்சொல்லின் தலையில் சாய்ந்த கோடு. நடுவில் உள்ளதற்கு ஒன்றுமில்லை. கடைசிச் சொல்லுக்குத் தலையில் தொப்பி, காலடியில் புள்ளி. எழுதிப் பார்க்க அழகாக இருந்தது. வாயால் சொன்னால்தான் கேடு. இந்தப் பாஷையில் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதும் சொல்லின் பகுதி. நாம் கோபத்துக்கும் கெஞ்சலுக்கும் குரலை ஏற்றி இறக்குகிறோம். இவர்கள் அதை எழுத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

கழுவுதொட்டியடியில் நின்று சொல்லிப் பார்த்தேன். நாலைந்து நாள் அப்படியே போனது. ஒருநாள் அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

"உம்மா, நீங்க மீனையா சொல்றீங்க, ஓதுறீங்களா?"

"ஏன்?"

"அவ்வளவு நீட்டு இழுக்கிறீங்க. ஓதக்குள்ள இழுக்கிற மாதிரி."

நான் திரும்பவும் சொன்னேன். ஹனா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "நடுவில உள்ளது மட்டும் சரி. அது எங்கட வகுப்பில வெள்ளக்காரப் புள்ளயளுக்கே வராது. உங்களுக்கு எப்பிடி?"

எப்படி வராமல் போகும்? நன்மைக்கு அரபியில் 'கைர்' என்று நாம் சொல்லும்போது தொண்டையில் உரசிக்கொண்டு வருமே, அதே சத்தம்தான். "மதரசாவில எனக்கு ஓதித் தந்த ராத்தா தொடையில கிள்ளின கிள்ளு மகள். அந்த எழுத்து சாகும்வர மறக்காது."

ஹனா சிரித்தாள். எத்தனை நாளுக்குப் பிறகு என்று சரியாகவே சொல்வேன், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இங்கே எழுதவில்லை.

அவள் குசினிக்குள் வந்து என் முன்னால் நின்றாள். "கைய நீட்டுங்க. அவங்க எனக்கு மீன்மேசையில வெச்சிப் படிப்பிச்ச மாதிரி." கழுவுதொட்டியில் கிடந்த ஈரத்துணியை என் கையில் தந்தாள். "இது மீன். வாலப் புடிச்சி மேல தூக்குங்க. தூக்கக்குள்ள சொல்லுங்க."

தூக்கினேன். "கா."

"இப்ப அடுப்பு. நெருப்பக் கூட்டவும் ஏலா, குறைக்கவும் ஏலா. கை அப்பிடியே மட்டமாப் போகணும்."

கையை மட்டமாக நகர்த்தினேன். "ஹோ."

"இப்ப சட்டி. சூடு. கீழ இறக்கி வைங்க."

கவிழ்த்து வைத்திருந்த கோ ஹாயின் சட்டியையே எடுத்தேன். இறக்கும்போது சொன்னேன். "தோ?"

"கேக்காதீங்க உம்மா. வைங்க."

"தோ?"

எத்தனை தடவை சொன்னாலும் என் குரல் கடைசியில் மேலே போய் நின்றது. யாரிடமாவது ஒன்று கேட்டுப் போகும்போது, பயம் இருக்கும்போது, நம் குரல் அப்படித்தானே முடியும். அந்தச் சமயம் கணவர் வேலையால் வந்தார். மனைவி ஒரு கையில் துணியும் மறு கையில் சட்டியுமாகக் குனிந்து நிமிர்வதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன, எக்ஸசைஸா?"

"உம்மா மீனாக்கிறா வாப்பா."

"மீனெங்க?"

"நீங்க சும்மா இரிங்க மச்சான்," என்றேன். "நீங்க இஞ்ச எத்தன சொல் படிச்ச?"

"மூணு. கெதியா, பிழை, திரும்பவும். லைன் நடத்த அது போதும்." பிறகு ஹனாவின் பக்கம் நின்று என்னைப் பார்த்து, மூன்றாவது சொல்லை வியட்நாமியில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பாடசாலை விட்டு வந்ததும் பத்து நிமிடம் எனக்கு வகுப்பு. ஹனா கண்டிப்பான ஆசிரியை. யாரிடமிருந்து வந்தது என்று கேட்க முடியாது. மீனும் அடுப்பும் சரியாகிவிட்டன. சட்டிதான் இறங்கவில்லை. ஒருநாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"உம்மா, நீங்க இன்னும் சட்டியக் கையிலதான் வெச்சிரிக்கிறீங்க. வெச்சிட்டுக் கைய எடுங்க. ஒண்டும் உடையாது."

நான் சட்டியை மேசையில் வைத்தேன். கையை எடுத்தேன். "தோ."

ஹனா கொப்பியை எடுத்து, நான் வகுப்பில் போடுகிற மாதிரி ஒரு பெரிய சரி போட்டாள்.

6

சனிக்கிழமை காலை சந்தைக்குப் போனோம். நம் ஊரில் மீன்கடையில் ஆண்கள். இங்கே மேசைக்கு மேசை பெண்கள், கையில் கத்தி, வாய் ஓயாத பேச்சு. கோ ஹாய் ஒரு விராலுக்குச் செதிள் சீவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் காணாதவர்போலத் தொடர்ந்தார். மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். ஹனா இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள். உதவ மாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள்.

என் முறை வந்தது. இங்கே தன்னைவிட மூத்தவரிடம் பேசும்போது 'நான்' என்று சொல்ல மாட்டார்கள். 'பிள்ளை' என்று தன்னைச் சொல்லவேண்டும். நாற்பத்தாறு வயதில் நான் அந்த மேசைமுன் நின்று, பிள்ளை பிழை செய்துவிட்டேன் என்றேன். பிள்ளை எறிந்துவிட்டேன் என்றேன். எதை எறிந்தேன் என்று சொல்லும்போது கை தானாக உயர்ந்தது, மட்டமாகப் போனது, மேசையில் இறங்கியது. கா. ஹோ. தோ.

கோ ஹாயின் கத்தி நின்றது.

பக்கத்து மேசைப் பெண் ஏதோ கேட்டாள். அவர் என் கையைப் பார்த்தார். பின்னால் நின்ற ஹனாவைப் பார்த்தார். அது தன் பாடம் என்று தெரிந்துவிட்டது. பிறகு வேகமாக, நீளமாக, கோபமாகவே பேசினார். நான் ஒன்றும் பிடிக்க முடியாமல் நின்றபோது நடுவில் இரண்டு சொல் தெளிவாகக் காதில் விழுந்தன. ஒன்று சட்டி. அடுத்தது, கடைப் பலகைகளில் தினமும் காணும் சொல்: புதிது.

புதுச்சட்டி.

ஹனாவைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. வாயைத் திறந்தபடி நின்றாள். உதவ மாட்டேன் என்றவள் என் பக்கத்தில் வந்து நின்று, கோ ஹாய் சொல்வதைச் சொல்லச் சொல்லத் தமிழில் தந்தாள்.

"அவங்களுக்கிட்ட மீன் வாங்க சாம் இனத்து முஸ்லிம் பொம்பிளைகள் வாறாங்களாம், பள்ளிவாசலடியில இரிக்கிறவங்க. அந்தப் பொம்பிளைகள்ட சட்டி வேற எண்டு கோ ஹாய்க்குத் தெரியுமாம். நான் பண்டி திங்கிறல்ல எண்டு சொன்ன உடன விளங்கிட்டாம். அதுதான் அடுத்த நாள் விடிய மூலையில உள்ள சட்டிக் கடைய எழுப்பிப் புதுசா வாங்கினாங்களாம். எண்ணயும் தேங்காயெண்ண மட்டும்தானாம்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கல்முனையில் பிறந்து, புதுச்சட்டிக்கும் பழஞ்சட்டிக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்திருக்கிறேன். பயந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

"இப்ப சட்டி எங்க எண்டு கேக்கிறாங்க."

"கழுவி வெச்சிரிக்கன் எண்டு சொல்லு."

ஹனா அதைவிடக் கூடுதலாகச் சொன்னாள் என்பது கை விரல்களைக் காட்டியதில் விளங்கியது. ஏழு. பிறகு மண் எடுத்துத் தேய்ப்பதுபோல ஒரு நடிப்பு. கோ ஹாய் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு கத்தியை வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து மேசைக்கும் சொன்னார், அங்கேயும் சிரிப்பு.

"என்ன சொல்றாங்க?"

"மண்சட்டிய மண்ணுப் போட்டுக் கழுவின மனிசி எண்டு. அதோட, அண்டைக்கு அந்த மீனத் திண்ட பூனை ஒவ்வொரு நாளும் அவங்கட வாசல்ல வந்து நிக்கிதாம். அதுக்கும் உம்மாவா ஆக்கிப் போடப் போறா எண்டு கேக்கிறாங்க."

நான் சிரிக்கப் போய் அழுதேன். கோ ஹாய் செதிள் ஒட்டிய புறங்கையால் என் தோளை இடித்தார். நாளை ஞாயிறு; சட்டியை அடுப்படியில் எடுத்து வை, நான் வருகிறேன், நீதான் ஆக்கவேண்டும் என்றார். அதில் பாதி எனக்கு ஹனா சொல்லாமலே விளங்கியது.

7

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு விராலோடு வந்துவிட்டார். கடற்கரையில் வளர்ந்த எங்களுக்கு விரால் என்றால் ஒரு இளக்காரம் உண்டு; ஊர்ப்பக்கத்துச் சாகாமக் குளத்தில் பிடித்து வந்தாலும், கடல்மீன் இருக்கும்போது குளத்துமீனா என்று கேட்கிற ஆட்கள் நாங்கள். அந்தக் கதையை அவரிடம் சொல்ல இன்னும் எனக்குப் பாஷை போதாது. கோ ஹாய் குசினியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கட்டளையிட்டார். சீனியைக் கருக்கு. இன்னும் கருக்கு. பயப்படாதே. மீன்சாறு ஊற்று. நான் கைவிரலைச் சூட்டில் வைத்து இழுத்ததைப் பார்த்து, "பிழை," என்றார். வாசலில் நின்ற கணவர், "இது எனக்குத் தெரிஞ்ச சொல்," என்று மகிழ்ந்துபோனார்.

குழம்புக்குத் தேங்காய்த் தண்ணீர் ஊற்றவேண்டும் என்றபோதுதான் தெரிந்தது, வீட்டில் தேங்காய் இல்லை. இளநீர் விற்கும் வண்டி ஒழுங்கைக்கு வெளியே, பெரிய ரோட்டு முனையில் நிற்கும். மூன்று வளைவு. எனக்கு அடுப்பை விட்டு நகர முடியாது. கணவர் சட்டையைத் தேடினார்.

"நான் போறன்," என்றாள் ஹனா.

வெளியே வானம் மங்கலாக இருந்தது. தூறல் தொடங்கியிருந்தது. கணவர் என்னைப் பார்த்தார். கோ ஹாய் என்னைப் பார்க்கவில்லை. மீனுக்கு மிளகு இடித்துக்கொண்டிருந்தார்.

"குடையக் கொண்டு போ," என்றேன்.

அவள் சப்பாத்தைப் போட்டது தெரியாது. கேற் திறந்த சத்தம் கேட்டது. நான் இன்னொரு வசனம் சொல்லப் போகிறேன் என்ற பயத்தில் ஓடியிருக்கவேண்டும்.

அந்த நேரம் பார்த்து ராத்தா எடுத்தா. கைபேசியைத் தோளில் செருகிக்கொண்டு கிண்டினேன்.

"என்ன புள்ள, கடதாசி அனுப்பிட்டியா?"

"அனுப்பல்ல ராத்தா. நாளைக்கு அனுப்புறன். நீடிக்கச் சொல்லித்தான் எழுதப் போறன்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"ஒரு வருஷம். பொறகு பாப்பம், இன்ஷா அல்லாஹ்."

ராத்தா ஒரு பெருமூச்சு விட்டா. எனக்குப் பின்னால் கோ ஹாய் ஏதோ சத்தமாகச் சொன்னார். நெருப்பைக் குறை என்றிருக்கவேண்டும். குறைத்தேன்.

"ஆரது?"

"எதிர்வீட்டு மாமி. மீனாக்கிறம்."

"மழச் சத்தம் மாதிரி கேக்கிது?"

"ஓம், தூறுது."

"புள்ள எங்க? சத்தத்தக் காணல்ல."

"ரோட்டுக்குப் போயிரிக்கா. இளநி வாங்க."

"ஆரோட?"

"தனிய."

ராத்தா மெதுவாகக் கேட்டா, "போய் எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம்," என்றேன்.

உண்மையில் நாலு.